ஒன்றாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நடுவே

செப்டம்பர் 9, செவ்வாய்

நூல் மில்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமும் சமையலறையில் சூடான குண்டாவுக்கு அடியில் இருந்தது. அட்டையில் வட்டமாக ஒரு கறுப்பு. இன்று மீட்டுவிட்டேன். மிக்சியைப் பிரித்தபோது எந்தப் பாகத்தை எங்கே வைத்தேன் என்று எழுதி வைக்காததால்தான் அது அன்றிலிருந்து ஒரே வேகத்தில் ஓடுகிறது என்பது என் மனைவி துளசிமணியின் வாதம். இந்த முறை எழுதி வைத்துச் செய்யப்போகிறேன்.

என் ஒரே மகள் மிருதுளா பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். இரண்டு மாதமாகத் தொண்டை கட்டிக்கொண்டே இருக்கிறது என்றாள். இன்று கோயம்புத்தூர் கூட்டிப்போனோம். குரல் நாணில் கடுகளவு முடிச்சுகளாம். கத்தினால் பெரிதாகும், அப்புறம் ஆபரேஷன், அதற்குப் பின் பழைய குரல் வருமா என்று சொல்ல முடியாது. டாக்டர் மாஸ்க் போட்டுப் பேசியதில் எனக்குப் பாதி புரியவில்லை. இதெல்லாம் மிருதுளா வெளியே வந்து திரும்பச் சொன்னது.

ஒரு கேள்விக்கு மட்டும் டாக்டர் மாஸ்க்கை இறக்கினார். "வீட்ல யாருக்காச்சும் காது மந்தமா? சத்தமாப் பேச வேண்டியிருக்கா?"

மிருதுளா மின்விசிறியைப் பார்த்தாள். துளசிமணி என்னைப் பார்த்தாள்.

"அப்படி யாரும் இல்லீங்க டாக்டர்" என்றேன்.

இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன மைக் செட் ஒன்று இருந்தால் கத்தாமல் பாடம் எடுக்கலாம் என்றார். கடையில் வாங்கலாம் என்று துளசிமணி சொல்வதற்குள், நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பத்தாம் வகுப்பு பாஸ், ஐ.டி.ஐ.யில் ஒரு வருடம், அதற்கப்புறம் விசைத்தறிக் குடோனில் முப்பத்தொரு வருடம். இந்தப் படிப்புக்கு ஒரு மைக் செட் என்ன பெரிய விஷயம்.

காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபர் ஆறாம் தேதி பள்ளி திறக்கிறது. அதற்குள் முடிக்க வேண்டும். எனக்கென்னவோ அவள் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. டாக்டர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

செப்டம்பர் 11, வியாழன்

மாப்பிள்ளை பார்க்கும் படலம். காந்திபுரத்துக் கடையில் சத்தத்தைப் பெருக்கும் நான்கு சிப்புகளை வாங்கி, ஒவ்வொன்றின் ஜாதகத்தையும் மிருதுளாவின் போனில் இறக்கிப் பார்த்தோம். ஜாதகம் என்பது நான் வைத்த பெயர். இத்தனை வோல்ட் தாங்குவேன், இத்தனை சூடாவேன், இன்ன ஸ்பீக்கரோடு ஒத்துப்போவேன் என்று சிப் தன்னைப் பற்றிச் சொல்லும் பக்கங்கள். இங்கிலீஷை அவள் படித்தாள், படத்தை நான் படித்தேன்.

2030: நல்ல பலசாலி. ஆனால் முதுகில் அலுமினியத் தகடு கட்ட வேண்டும், பெரிய பேட்டரி கேட்கிறான். இடுப்பில் கட்டினால் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க டீச்சர் வரமாட்டாள், பேட்டரிதான் வரும்.

2822: எட்டுக் கால். மூன்று வோல்ட்டிலேயே வேலைக்குப் போகிறவன். இரண்டு ஸ்பீக்கருக்கு ஆனவன், நமக்கு ஒன்று போதும்.

8403: புது மாடல். ஐந்து வோல்ட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று வாட், சூடே ஆகமாட்டான். போர்டோடு சேர்ந்தே வருகிறான், தீப்பெட்டியில் பாதி. பாகமெல்லாம் கசகசா மாதிரி இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு தும்மினால் காணாமல் போய்விடும்.

386: இவனுக்கும் எட்டுக் கால். நான்கு பென்சில் செல் போதும். சுற்றிலும் ஏழெட்டுப் பாகம். அரை வாட்டுக்கு மேல் பேசமாட்டான், அடக்கமான பையன்.

"இவனே இருக்கட்டுமுங்கப்பா" என்றாள் மிருதுளா. "ஒரு வகுப்பறைக்கு அரை வாட் தாராளமாப் போதும்."

386-இன் ஜாதகத்தில் ஒரு யோகம். ஒன்றாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நடுவே ஒன்றும் வைக்காவிட்டால் வருகிற சத்தத்தை இருபது மடங்காக்குவான். அங்கே ஒரு சின்ன கண்டன்சரை வைத்தால் இருநூறு மடங்கு. ஒரு கண்டன்சருக்குப் பத்து மடங்கு வரம் கொடுக்கிற சாமியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

முதல் செட் தயார். மைக்குக்கு ஒரு டிரான்சிஸ்டர், அப்புறம் 386, நான்கு அங்குல ஸ்பீக்கர். மிருதுளா பேசினாள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள் துளசிமணி.

"உனக்கென்ன தெரியும்" என்று ஒன்றுக்கும் எட்டுக்கும் நடுவே கண்டன்சரை வைத்து ஈயம் போட்டேன். வால்யூமை முழுசாகத் திருப்பினேன்.

துளசிமணி என் முகத்துக்கு நேரே வந்து, "விசில் அடிக்குது, நிறுத்துங்க" என்றாள்.

சமையலறைக்கு ஓடினேன். அடுப்பில் குக்கரே இல்லை. திரும்பி வந்தால் இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் நாய் ஜிம்மி கட்டிலுக்கடியில். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெண்களுக்கும் நாய்களுக்கும் காது மெல்லிசு.

செப்டம்பர் 15, திங்கள்

ஜிம்மி இன்றும் கட்டிலுக்கடியில்தான். கறித்துண்டு காட்டியும் வரவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

குடோனில் தறி ஓட்டிக்கொண்டே பக்கத்துத் தறி ஆறுச்சாமியிடம் மைக் செட் கதை முழுவதும் சொன்னேன். இருபத்துநான்கு தறி ஓடுகிற இடத்தில் வாய்விட்டுப் பேசினால் யாருக்குக் கேட்கும்? உதட்டை அசைத்தால் போதும். ஆறுச்சாமி அந்தக் கோடியிலிருந்து டீ சொன்னால் சர்க்கரை கம்மி என்பது வரைக்கும் எனக்கு இங்கே தெரியும். இதற்கெல்லாம் சர்ட்டிபிகேட் கொடுப்பதில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

வினோதமான கோளாறு. மிருதுளா என்னைப் பார்த்து நின்று பேசினால் செட் அருமையாக வேலை செய்கிறது. கரும்பலகைப் பக்கம் திரும்புகிற மாதிரி முதுகைக் காட்டினால் கட் ஆகிவிடுகிறது. இந்தப் பக்கம் திரும்பினால் மறுபடி வருகிறது. பத்துத் தடவை பார்த்தேன், பத்துத் தடவையும் அப்படியே. உடம்பு திரும்பும்போது வயர் இழுபடுகிறது, எங்கேயோ லூஸ் கான்டாக்ட். ஐ.டி.ஐ.யில் படித்த ஒரு வருடம் வீணாகவில்லை.

மைக் வயரை மாற்றினேன்.

"திரும்பினாலும் கேக்குதுங்கப்பா" என்றாள் மிருதுளா.

"பேசறவங்களுக்குக் கேக்கும் அம்மிணி. கேக்கறவங்களுக்குக் கேக்கணுமில்ல."

அவள் செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை வலி போலிருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

குளியலறைக்குள்ளிருந்து துளசிமணி தோப்பு வேண்டும் என்று கத்தினாள். நமக்கு ஏது தோப்பு, கிழக்கே ஐயாசாமி கவுண்டர் தோப்புதானே என்று கதவுக்கு வெளியே நின்று நியாயம் பேசினேன். கடைசியில் மிருதுளா வந்து சோப்பை எடுத்து நீட்டினாள்.

இந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. எல்லாம் முனகல்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வயர் இரண்டாவது முறை மாற்றியும் திரும்பினால் கட். 386-இன் பலம்தான் போதவில்லை என்று முடிவு செய்து, மூன்று வாட் 8403-ஐ எடுத்தேன். இருபது வருடப் பழக்கத்தில் ஸ்பீக்கரின் ஒரு வயரைக் கொண்டுபோய் கிரவுண்டில் ஒட்டினேன். இந்தச் சிப்புக்கு அது ஆகாதாம், இரண்டு வயரையும் சிப்பேதான் பிடித்துக்கொள்ளுமாம். ஜாதகத்திலேயே எழுதியிருந்தது. மிருதுளா படித்தும் காட்டினாளாம், மாவு சலித்துக்கொண்டே, முதுகைத் திருப்பிக்கொண்டு.

மெல்லிய புகை, ஒரு வாசனை. கசகசா வறுபட்ட வாசனை இல்லை.

அடக்கமான பையனிடமே திரும்பிப் போனேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

வயர் மூன்றாவது முறை. மைக் புதிது. திரும்பினால் கட்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. குடோனில் தறியெல்லாம் கழுவித் துடைத்து மாலை. நான் என் மல்டிமீட்டருக்கும் சால்டரிங் அயர்னுக்கும் பொட்டு வைத்து, மைக் செட்டையும் கூடவே கொண்டுபோய் வரிசையில் வைத்தேன். ஸ்பீக்கர் முதுகில் ஒரு சந்தனப் பொட்டு.

மிருதுளாவும் துளசிமணியும் பொரி வாங்க வந்திருந்தார்கள். "தறி நின்னா ஊரே எவ்வளவு அமைதியா இருக்குதுங்கப்பா" என்றாள் மிருதுளா. ஆமாம் என்றேன். எனக்கு மட்டும் ஒரு தறி காதுக்குள்ளே ங்கொய்யென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. லீவு விட மறந்த தறி. வருடா வருடம் அப்படித்தான்.

நல்ல சபை கூடியிருக்கிறதே என்று செட்டைப் போட்டு, "சத்தம் பத்துதா, சொல்லுங்கய்யா" என்று மற்றத் தறிக்காரர்கள் பதினொரு பேரிடமும் தீர்ப்புக் கேட்டேன். ஆறுச்சாமி தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"கொஞ்சம் பத்தலையப்பா நாச்சிமுத்து."

"இன்னுங் கொஞ்சம் ஏத்தலாம்" என்றார் பாவு நூல் ஓட்டுகிறவர். பதினொரு பேரும் ஒரே தீர்ப்பு. ஏற்றினேன். "இப்பச் சரி" என்றார்கள்.

முதலாளியின் பேத்தி வீறிட்டு அழுதது. பூசாரி தீபாராதனைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்தினார். முதலாளி ஓடிவந்து, "அந்த ஊளையை நிறுத்து சாமி, பூஜை முடியட்டும்" என்றார். எந்த ஊளை என்று பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மிருதுளா பொரியைச் சாப்பிடாமல் எங்கள் பன்னிரண்டு பேரையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி.

அக்டோபர் 3, வெள்ளி

வயர் நான்காவது முறை மாற்றி வைத்திருந்தேன். "இன்னொரு டெஸ்ட் பண்ணலாமுங்களா?" என்று மிருதுளாவே வந்தாள். செட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசற்படி அருகே என்னைப் பார்த்து நின்றாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு அம்மிணி."

"என்ன கொழம்பு?"

"கத்தரிக்காய். உங்கம்மா உப்பு ஒரு கை தூக்கலாப் போட்டுட்டா."

"சத்தம் எப்படி இருக்குதுங்கப்பா?"

"கணீர்னு இருக்குது. ஒரு நாளும் இந்த மாதிரி வந்ததில்லை. துளிக்கூட இரைச்சல் இல்லை. பாத்தியா, வயருதான். நான் அன்னைக்கே சொன்னேன்."

துளசிமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மிருதுளா முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்து நீட்டினாள். உள்ளங்கையில் நான்கு பென்சில் செல்.

"பேட்டரியே போடலீங்கப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப உன் குரலே அவ்வளவு தூரம் கேக்குதா? பின்ன எதுக்கு இந்த செட்டு?"

அவள் பக்கத்தில் வந்து என் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

"குரலும் போடலீங்கப்பா. வாயை மட்டுந்தான் அசைச்சேன்."

எழுந்துபோய் ஜிம்மிக்குச் சோறு வைத்தேன். நாய் வாலாட்டியது. அது மன்னித்துவிட்டது போலிருக்கிறது.

அக்டோபர் 4, சனி

பள்ளியில் அவள் கத்துவது ஐந்து மணி நேரம். மீதி நேரமெல்லாம் வீட்டில்.

அக்டோபர் 5, ஞாயிறு

நேற்று முழுவதும் நான் பேசவில்லை. நான் பேசாவிட்டால் அவளும் கத்த வேண்டியதில்லையே என்ற யோசனை. இன்று மத்தியானம் துளசிமணி, "இதென்ன மௌன விரதம், வேலையைப் பாருங்க, நாளைக்குப் பள்ளிக்கூடம்" என்று என் தோளைத் தட்டி, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். இப்போது யோசித்தால், இவள் எப்போதுமே தோளைத் தட்டிவிட்டுத்தான் பேசுகிறாள். எத்தனை வருடமாக என்று தெரியவில்லை. நான் பிரியம் என்று நினைத்திருந்தேன்.

மிருதுளா செட்டை மேசையில் வைத்தாள். "ஒண்ணுக்கும் எட்டுக்கும் நடுவுல இருக்கறதை எடுங்கப்பா."

"எடுத்தா இருபதுதான அம்மிணி."

"இருபதே ஜாஸ்தி. மைக்குக்குன்னே ஒரு டிரான்சிஸ்டர் இருக்குதில்லீங்களா. இருநூறை வெச்சா நம்ம தெரு நாயெல்லாம் ஊரைக் காலி பண்ணிரும்."

கண்டன்சரைக் கழற்றினேன். ஸ்பீக்கரை இடுப்புக்கு முதுகுப் பக்கம் தள்ளிக் கட்டினாள், மைக்கை வாயோரம் கொண்டுவந்தாள். பேசினாள். துளசிமணி சமையலறையிலிருந்து தலையை நீட்டி, "இதேதான், முதல் நாள் வந்தது" என்றாள். முதல் நாளே சரியாக இருந்த செட்டைத்தான் மூன்று வாரமாக ரிப்பேர் செய்திருக்கிறேன். ஜிம்மி நடுக்கூடத்தில் வந்து படுத்தது. இனி சத்தத்துக்கு அதுதான் நீதிபதி, நான் இல்லை.

மீதியிருந்த இன்னொரு 386-ஐ எடுத்து, "இதுல ஒண்ணு உங்களுக்கு" என்றாள். ஸ்பீக்கருக்குப் பதில் போனின் இயர்போன். நடுவில் ஒன்றும் வைக்காமல் இருபதே மடங்கு, வால்யூம் பாதிக்கும் கீழே. சாயந்திரத்துக்குள் சோப்பு டப்பாவில் அடைத்துவிட்டேன். தோப்பு டப்பா என்று பெயர் வைத்தாள் துளசிமணி.

மிருதுளா மைக்கைத் தன் துப்பட்டாவில் குத்திக்கொண்டு, நீளமான வயரோடு அடுத்த அறைக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். லூஸ் கான்டாக்ட் ஆகிற பக்கம்.

"அப்பா, சும்மாத்தான் பேசறேன். கத்தாமப் பேசறேன். கேக்குதுங்களா?"

கேட்டது. பிசிரடித்த நூல் மாதிரி ஒரு குரல். ஒவ்வொரு வார்த்தையும் எங்கேயோ உரசி, அறுந்து, முடிச்சுப் போட்டு வந்தது. அந்த மாதிரி நூல் வந்தால் தறியை நிறுத்திவிட்டு முதலாளியைக் கூப்பிடுவேன். நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்த குரல் இது இல்லை.

"கேக்குது அம்மிணி" என்றேன். "பேசாத. போதும்."

முதல் பக்கத்தில், எனக்கென்னவோ அவள் குரல் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

அக்டோபர் 6, திங்கள்

பள்ளி திறந்தது. நேற்றிரவே நீள வயரைக் கழற்றிவிட்டு, மைக்கைத் தோப்பு டப்பாவிலேயே பொருத்திவிட்டேன். நான் குடோனில் இரண்டு தடவை, குறுக்கே நூல் இழுக்கும் நாடாவைத் தவறவிட்டேன், நினைப்பெல்லாம் மூன்றாம் வகுப்பில்.

சாயந்திரம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தோப்பு டப்பாவை என் சட்டைப்பையில் போட்டு, இயர்போனைக் காதில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள்.

"டீச்சர் இடுப்புல ரேடியோ பேசுதுன்னு ஒரே கூத்துங்கப்பா. சுபிக்ஷான்னு ஒருத்தி, 'டீச்சர், ஸ்டேசன் மாத்துங்க, கணக்கு வேண்டாம்'கறா."

"தொண்டை?"

"வலிக்கலீங்கப்பா. கடைசிப் பீரியட் வரைக்கும் வலிக்கலை."

சுபிக்ஷா, ஸ்டேசன். இரண்டும் எனக்குச் சுத்தமாக விழுந்தது. கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மறுபடி அதே ஆஸ்பத்திரி. இந்த முறை இரண்டு சீட்டு.

மிருதுளாவுக்கு முடிச்சு சுருங்கத் தொடங்கியிருக்கிறது. இப்படியே போனால் ஆபரேஷன் வேண்டியிருக்காது என்றார் டாக்டர். மாஸ்க்கோடுதான் சொன்னார். தோப்பு டப்பாவை மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளி வைத்திருந்தேன், முழுசாகக் கேட்டது.

"அன்னைக்கு வீட்ல யாரும் இல்லைன்னீங்களே" என்றார்.

"அன்னைக்கு நான் வீட்ல இல்லீங்க" என்றேன். மிருதுளாவைச் சிரிக்க வேண்டாம் என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று.

என்னைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பித்தானை அழுத்தச் சொன்னார்கள். நடுவில் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மிஷின் கெட்டுவிட்டதோ, லூஸ் கான்டாக்ட் இருக்குமோ என்று எழுந்து பார்க்கலாமா என நினைத்தேன். நல்லவேளை, பழக்கத்தை அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு தாள் தந்தார்கள். கட்டம் போட்ட படம். கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போய், நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்று எழுதிய இடத்தில் கிணற்றில் விழுகிறது. எனக்கு இந்தப் படம் நன்றாகத் தெரியும், நான்கு சிப்புகளின் ஜாதகத்திலும் பார்த்ததுதான். என் ஜாதகம் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. கீழ்ச்சத்தத்துக்கு நல்ல மார்க், மேல்சத்தத்துக்குப் பாதாளம். சோப்பில் இருக்கிற 'சோ' அந்தப் பாதாளத்தில்தான் இருக்கிறதாம்.

விழுந்தது இனி ஏறாது, மீதி இருப்பதைக் காப்பாற்றலாம் என்றாள் டெஸ்ட் எடுத்த பெண். இந்தக் கோட்டுக்கு ஏற்ற மாதிரி காது மிஷின் பத்து நாளில் வரும். அதுவரை டப்பாவைச் சத்தம் குறைத்து வைத்துக்கொள்ளலாம், தறியில் காதடைப்பான் இல்லாமல் நிற்கக் கூடாது. முதலாளியிடம் சொன்னேன். பன்னிரண்டு ஜோடி வருகிறது. ஆறுச்சாமி மட்டும், "எனக்கெதுக்கப்பா, எனக்கு எல்லாம் நல்லாக் கேக்குது" என்றான். உதட்டை அசைத்துத்தான் சொன்னான்.

அவனுக்கும் ஒரு நாள் பேட்டரி போடாத செட்டைக் காட்ட வேண்டும்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. மிருதுளா கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள், துளசிமணி எனக்கு முதுகைக் காட்டி முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். நான் சட்டைப்பையில் டப்பாவோடு சமையலறை வாசலில் வாழைக்காய் சீவினேன். எண்ணெயில் மாவு விழுந்ததும் ஸ்ஸ் என்று ஒரு சத்தம். முறுக்குக்குச் சத்தம் உண்டு என்பதை மறந்தே போயிருந்தேன். அப்புறம் ஜல்லிக் கரண்டி வாணலியில் படுகிற சத்தம், துளசிமணியின் வளையல். நிறைய நடந்துகொண்டிருக்கிறது இந்த வீட்டில்.

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். அடுப்பிடம்.

"சிப்பாம் சிப்பு. மூணு வாரம் மேசையை நகத்த விடலை. மிக்சி இன்னும் அப்படியே கெடக்குது. சீவற அழகைப் பாரு, ஒண்ணு காகிதம், ஒண்ணு செங்கல். இருந்தாலும் பாவம், புள்ளைக்காகத்தானே உக்காந்தாரு. ரெண்டு முறுக்கு கூடத் தரலாம்."

மிருதுளா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, டப்பாவையும் என்னையும் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று கண்ணைக் காட்டினேன். அவள் விடைத்தாளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

துளசிமணி திரும்பி, வழக்கம்போல என் தோளைத் தட்டினாள். "ஏனுங்க, முறுக்கு வேணுமா?"

"ம்? என்ன?" என்றேன்.

முப்பது வருட அனுபவம், வீணாகக் கூடாது.